தலையணை ஹாலுக்கு வந்த நாட்கள்

“காரணம் எதுவும் தெரியவில்லை” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மற்ற பெண்களுக்கு அழுகை வருமாம். எனக்குச் சுர்ரென்று கோபம்தான் ஏறியது. பெங்களூர் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கருத்தரிப்பு மையம் அது. எட்டு மாதமாக என் ரத்தத்தை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாயில் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள், என் வீட்டுக்காரரை இரண்டு தடவை டப்பாவோடு ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். எல்லாம் நார்மல். எல்லாம் நார்மல் என்றால் குழந்தை ஏன் இல்லை என்று கேட்டேன். சில பேருக்கு அப்படித்தான் இருக்கும், உங்களுக்கு முப்பத்து நான்கு வயசாகிறது, அடுத்த மாதமே ஐவிஎஃப் ஆரம்பித்துவிடலாம் என்றார் அந்த டாக்டர். பக்கத்திலிருந்த பெண் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஐவிஎஃப் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அதில் பிறந்த குழந்தைகள் எங்கள் ஆபீசிலேயே இரண்டு பேருக்கு உண்டு, இரண்டும் வாலுகள். ஆனால் நான் பார்க்கிற வேலை அப்படி. சாஃப்ட்வேர் டெஸ்டர். எங்கேயோ ஒரு தப்பு நடக்கும். எழுதினவனைக் கேட்டால் “என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது” என்று சொல்லி மூடிவிட்டுப் போவான். நான் மறுபடி திறப்பேன். ஏன் நடந்தது என்று எழுதாமல் எதையும் மூட விடமாட்டேன். அதற்காக ஆபீசில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே சொல்லப் போவதில்லை. என் உடம்பையும் இவர் உடம்பையும் ‘நல்லாத்தான் ஓடுது’ என்று மூடிவிட்டு, நேராக ஊசிக்குப் போ என்றால் எப்படிப் போவது? ஏன் என்று ஒருத்தராவது சரியாகப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் எந்த ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்கிறேன் என்று இவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். இவர் எப்போதும்போல “சரி” என்றார். இவருடைய அகராதியில் அதிகமாகத் தேய்ந்துபோன சொல் அது.

இப்போது எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். பொம்மனஹள்ளியில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாத கிச்சன். நான், இவர், இவருடைய அம்மா. இவர் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். அத்தை தங்கவயல்காரர். மாமா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடின பிறகு, மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வந்து, கார்மென்ட்ஸில் காலர் தைத்துவிட்டு, அதே ரயிலில் திரும்பி, பதினைந்து வருஷம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவர் அத்தைதான். மாமா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு என்றாலும், எங்கள் ஆபீசில் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு திரிகிற பாதிப் பேரை அத்தை தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நான் தங்கத்தில் எழுதி வைப்பேன். சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் “அதுங்க வேலை வேலைன்னு ஓடுதுங்க, ஆகும்போது ஆவும்” என்று அவர்கள் வாயை அடைத்து அனுப்புவார். ஆனால் உள்ளுக்குள் சாமியோடு பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டார். முதலில் சஷ்டி விரதம். நானும் சரி என்றேன், இதிலென்ன நஷ்டம். ஆறு மாதம் கழித்து யாரோ பௌர்ணமி விரதம் விசேஷம் என்றார்கள், அதுவும் சேர்ந்தது. அப்புறம் பிரதோஷம். அப்புறம், எங்கள் வழக்கத்திலேயே இல்லாத ஏகாதசி. பெருமாள் கோபித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அத்தைக்குச் சந்தேகம். இவை போதாதென்று செவ்வாய், வெள்ளி. ஒரு சாமியையும் விட்டு வைக்கவில்லை.

விரதம் என்றால் சாப்பாடு மட்டுமில்லை. முதல் நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். அன்றைக்கும் மறுநாளும் புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகப் படுக்க வேண்டும். அதை அத்தை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் என் தலையணை ஹாலில், அத்தையின் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும். அவ்வளவுதான். இவர் ஒரு தடவை தன் தலையணையைப் பார்ப்பார், ஹாலைப் பார்ப்பார், பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்கு எரிச்சல் வராமல் இல்லை. ஆனால் மறுக்கவும் பயம். நான் மறுத்த விரதத்தில்தான் குழந்தை இருந்தது என்று பிற்பாடு தோன்றினால்? படித்தவள், டெஸ்டர், எல்லாம் சரி. மனசு என்று வரும்போது நானும் எல்லாரையும் போலத்தான்.

அத்தைக்கு இன்னொரு பழக்கம். மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் ஒன்று கிச்சன் சுவரில் தொங்கும். அதில் எழுத மாட்டார், குறி வைப்பார். விரத நாளுக்கு மஞ்சள் தொட்ட விரலால் ஒரு புள்ளி. மகனுக்கு நைட் ஷிப்ட் என்றால் நீலப் பேனாவால் ஒரு கோடு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஒரு நாள் கேஸ் சிலிண்டர் எப்போது வந்தது என்று பார்க்கப் போனபோதுதான், மாதத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளியும் இருப்பதைக் கவனித்தேன். குங்குமம். எண்ணிப் பார்த்தேன். நான் வீட்டு விலக்காகிற முதல் நாள். அந்த மூன்று நாள் நான் விளக்கேற்றக் கூடாது என்பதற்காக அத்தை குறித்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு வீட்டில் நான் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து நின்று பார்க்கிற சுவரில் என் உடம்பு விஷயத்தை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா என்று கத்தினேன். அத்தை நிதானமாக, அது என்னவென்று எனக்கும் உனக்கும் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கத்தினேன். இரண்டு நாள் என் காபியை நானே போட்டுக்கொண்டேன். புள்ளி வைப்பதை அத்தை நிறுத்தவும் இல்லை.

கையெழுத்துப் போடாமல் வந்ததற்கு அப்புறம், ஆபீஸ் தோழி ஒருத்தி மல்லேஸ்வரத்தில் ஒரு பெண் டாக்டரைப் பற்றிச் சொன்னாள். அறுபது தாண்டினவர், வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக், அவசரப்பட மாட்டார், ஆனால் நாமும் அவசரப்படக் கூடாது என்றாள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலைத் தாண்டி நாங்கள் போய்ச் சேருவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த டாக்டர் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிறவர். எதற்கெடுத்தாலும் முதலில் “நோடோணா” என்பார், பார்க்கலாம் என்று அர்த்தம். நான் நீட்டிய தடி ஃபைலை வாங்கி, திறக்காமல் ஓரமாக வைத்தார். வீட்டில் யார் யார், எத்தனை அறை, என்ன ஷிப்ட், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே வந்து, அப்புறம் கேட்டார் அந்தக் கேள்வியை. மாதத்தில் எந்தெந்த நாட்களில் சேர்ந்திருக்கிறீர்கள்?

“ரெகுலர்தான் மேடம்” என்றேன். முந்தின மையத்திலும் இதைத்தான் சொன்னேன், அவர்கள் ஒரு டிக் போட்டுக்கொண்டார்கள்.

“ரெகுலர்னா? சிட்டி பஸ்ஸா?” என்றார் டாக்டர். “நாளைச் சொல்லும்மா.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் அதற்கென்று ஒரு ஆப் வைத்திருந்தேன், காட்டினேன். மூன்று வருஷத்தில் எட்டே தடவை தேதி போட்டிருந்தேன், அதிலும் பாதி குத்துமதிப்பு. ஊரில் உள்ளவன் எழுதின புரோகிராமையெல்லாம் சல்லடை போட்டுச் சலிக்கிறவள், சொந்த விஷயத்தில் அடிப்படைத் தேதியைக்கூட ஒழுங்காகக் குறிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, வாயே திறக்காத என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அம்மா காலண்டரில் எல்லாம் இருக்கும் மேடம் என்றார். மேசைக்கடியில் நான் அவர் காலை மிதித்தேன், ஆனால் அதற்குள் சொல்லி முடித்துவிட்டார். டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. காலண்டரைக் கொண்டு வாருங்கள், முடிந்தால் அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றார்.

அத்தையைக் கூட்டிப் போக எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் அந்தக் குறிகளை அவரைத் தவிர வேறு யாராலும் முழுசாகப் படிக்க முடியாது. கேட்டதும் அத்தை, கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று வருஷக் காலண்டர்களை எடுத்தார். ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. சுருட்டி ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கென்று வைத்திருக்கிற சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டர் அந்தக் காலண்டர்களை மேசை மேல் விரித்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு என்ன என்று அவர் கேட்டார், அத்தை சொன்னார். இத்தனை வருஷ டாக்டர் தொழிலில் இப்படி ஒரு மாதம்கூட விடாமல் குறித்து வைத்த வீட்டைத் தான் பார்த்ததில்லை என்றார் டாக்டர். மூன்று வருஷத்தில் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. நான் எந்தப் புள்ளிக்காக ஆடித் தீர்த்தேனோ, அதைத்தான் அந்த டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து மெச்சினார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய மனுஷி.

டாக்டர் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு மாதமும் சிவப்புப் புள்ளியிலிருந்து எண்ணி, பத்தாவது நாளிலிருந்து பதினைந்தாவது நாள்வரை ஒரு கட்டம் போட்டார். ஆறு நாள். கரு தங்குவதற்கு வாய்ப்புள்ள நாட்கள் பெரும்பாலும் இவைதான் என்று எங்களுக்கு விளக்கினார். அப்புறம் மஞ்சள் புள்ளிகளைப் பற்றிக் கேட்டார். அத்தை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். இது ஏகாதசி, இது பிரதோஷம், இது பௌர்ணமி, எல்லாம் இவளுக்காகத்தான். விரதம் எப்போது தொடங்கும்? முதல் நாள் சாயங்காலமே. அன்றைக்கு இவள் எங்கே படுப்பாள்? ஹாலில், என்கூட.

எனக்கு இருபத்தொன்பது, முப்பது நாளுக்கு ஒரு தடவை வரும், அநேகமாக அமாவாசையை ஒட்டி. அதை நான் பெரிதாக நினைத்ததே இல்லை. அமாவாசைக்கு மறுநாளிலிருந்து எண்ணினால் பத்தாம் நாள் ஏகாதசிக்கு முதல் நாள். அப்புறம் ஏகாதசி. அப்புறம் பிரதோஷத்துக்கு முதல் நாள், பிரதோஷம், பௌர்ணமிக்கு முதல் நாள், பௌர்ணமி. எந்த நாளும் மிச்சமில்லை. கடைசி இரண்டு காலண்டரிலும் டாக்டரின் பென்சில் கட்டம் ஆறு நாள், என் தலையணை ஹாலில் கிடந்ததும் அதே ஆறு நாள். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே நகர்ந்து தப்பிய இடத்திலெல்லாம் செவ்வாயோ வெள்ளியோ நீலக் கோடோ விழுந்திருந்தது.

வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த நொடியில் சந்தோஷம் வந்தது. மூன்று வருஷமாகத் தேடின காரணம் மேசை மேல் கிடக்கிறது. ஆபீசாக இருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். அப்புறம்தான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் யாருக்கும் முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது. ஒரு விரலை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்போ நான்தான் அடைச்சு வெச்சிருக்கேன், டாக்டரம்மா” என்றார்.

அப்படிச் சொல்ல முடியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதல் காலண்டரை எடுத்துக் காட்டினார். அதில் பெரும்பாலும் சஷ்டி மட்டும்தான். கட்டத்துக்குள் மஞ்சள் குறைவு. அந்த வருஷம் வாய்ப்பு இருந்தது, அப்போதும் தங்கவில்லை. ஆகவே இதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆறு மாதம் இந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். வேறு மருந்து வேண்டாம். அதற்கப்புறமும் இல்லையென்றால் ஐவிஎஃப் பற்றிப் பேசுவோம், அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்றார். அத்தை காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. திரும்பி வருகிற வழியெல்லாம் துணிப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடி அம்மன் கோவிலுக்குப் போனார். வேண்டிக்கொண்டதைப் பாதியில் விட்டால் தெய்வக் குத்தம் என்று உயிராக நம்புகிறவர். என்ன செய்யப் போகிறாரோ என்று எனக்கே பதற்றம். ரேஷன் கடையில் அட்டையில் பேர் மாற்றச் சொல்கிறவர் மாதிரி, சன்னதி முன்னால் நின்று வாய்விட்டே சொன்னார். இவள் பேரில் இருக்கிற விரதமெல்லாம் இன்றிலிருந்து என் பேருக்கு மாறுகிறது, இவளை விட்டுவிடு, குறை இருந்தால் என்னைக் கேள். ஐயர் அர்ச்சனை ஏதாவது பண்ணணுமா என்று கேட்டதற்கு, இது எங்களுக்குள்ளே இருக்கிற விஷயம் சாமி என்று சொல்லிவிட்டுத் தேங்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சொன்னபடி செய்தார். சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், பௌர்ணமி, செவ்வாய், வெள்ளி, எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அறுபத்திரண்டு வயசு, சர்க்கரை வேறு. நான் சண்டை போட்டுப் போட்டு, விரத நாளிலும் இரண்டு வேளை கஞ்சியும் மாத்திரையும் உண்டு என்கிற அளவுக்கு இறக்கினேன். எதற்காக இத்தனை என்று கேட்டால், சாமியிடம் ஒன்று கேட்டிருக்கிறேன், அதை உன்னிடம் சொல்வதற்கில்லை என்பார். குழந்தையைத்தான் கேட்டிருப்பார், வேறென்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. பத்தாம் நாள் மத்தியானம் சரியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். தங்கவயலில் அவருடைய தங்கை இன்னும் சுரங்கத்து லைன் வீட்டில் இருக்கிறார். அங்கே ஆறு நாள் தங்கிவிட்டு ஏழாம் நாள் வருவார். ஏன் போகிறார் என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், ஆனால் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. போகும்போது, தோசை மாவு இருக்கிறது, இரண்டு நாளுக்குள் ஊற்றிவிடு என்று மட்டும் சொல்வார். போன் பண்ணினாலும் தக்காளி வாங்கியாச்சா என்பதோடு சரி.

கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா, மாதா மாதம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். முழங்கால் வலிக்கு ஊரில் எண்ணெய் வைத்தியம் பண்ணிக்கொள்கிறேன் என்று அத்தை அடித்துவிட்டார். எனக்கும் அந்த எண்ணெய் வேண்டும் என்று அந்த அம்மா பிடித்துக்கொண்டார். அத்தை அசரவில்லை. அடுத்த தடவை நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டிலில் கொண்டு வந்து கொடுத்தார். வலி பறந்துவிட்டது என்று அந்த அம்மா தெரு முழுக்கச் சொன்னதில் இன்னும் மூன்று பேர் பாட்டிலோடு வந்தார்கள். நைட் ஷிப்டை மாற்றிக் கேட்கப் போன இவரும், கூச்சத்தில் வேறு காரணம் கிடைக்காமல், அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அத்தையின் முழங்காலைப் பற்றித்தான்.

மற்றபடி அது சிரிப்பான காலம் இல்லை. ஆறு நாளும் பரீட்சைக்குப் போவது போல இருக்கும். அப்புறம் இரண்டு வாரம் காத்திருப்பு. வந்துவிட்டது என்று அத்தையிடம் வாயால் சொல்ல எனக்கு மனசு வராது. நானே குங்குமத்தைத் தொட்டுக் காலண்டரில் வைத்துவிடுவேன், அத்தை பார்த்துக்கொள்வார். நான்காவது மாதம் ஐந்து நாள் தள்ளிப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அத்தை என் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டார், ஈரத்துணி பக்கெட்டை வாங்கிக்கொண்டார், பஸ்ஸில் போகாதே, ஆட்டோவில் போ என்றார். ஆறாம் நாள் காலையில் நான் புள்ளி வைத்தேன். அத்தை ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார், பக்கெட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நாலே நாலு துணியைக் காயப்போட ஒரு மணி நேரம் ஆனது.

அன்றைக்கு எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இப்போது ஒரு குழந்தை தங்கிவிட்டால், இத்தனை வருஷம் தடுத்தது அத்தைதான் என்று முடிவாகிவிடும். தங்கவில்லை என்றால் அத்தை மேல் பழி இல்லை. அப்படியானால் இந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்க்கும்போது அவருக்கு மனசின் ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் நிம்மதி இருக்காதா? இருந்தால் தப்பில்லை, நானாக இருந்தால் எனக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்தது. ஆறு புள்ளி. மூன்று பேரும் மறுபடி மல்லேஸ்வரம் போனோம். டாக்டர் புதுக் காலண்டரை விரித்து, காலியான கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முந்தின ஃபைலையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தார், அதுவும் நார்மல். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “எனக்கும் காரணம் தெரியலம்மா” என்றார். “ஆனா பார்க்காம சொல்லல.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஓசூர் ரோட்டில் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இந்த டாக்டர் தேடிவிட்டுச் சொன்னார். உலகத்தில் தேடியும் கிடைக்காத பதில் என்று ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும் என்று முப்பத்து நான்கு வயசில் அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. அடுத்த மாதம் ஐவிஎஃப் தொடங்கலாம், எங்கே போவது என்று தானே சொல்வதாக டாக்டர் சொன்னார். இந்தத் தடவை நான் சரி என்றேன். இவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். அத்தை காலண்டரைச் சுருட்டினார்.

இவர் ஆட்டோ பிடிக்க முன்னால் போனார். நானும் அத்தையும் சம்பிகே ரோட்டு ஓரத்தில் பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றோம். அத்தை முகம் செத்துப்போயிருந்தது. மனுஷி ஆறு மாதமாகத் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொண்டு தேய்ந்துபோனாரே, அந்தப் பாரத்தை நானாவது இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது. பார்த்தீங்களா அத்தை, நீங்க காரணமே இல்ல, டாக்டரே சொல்லிட்டாங்க, இனிமே அந்த நினைப்பை விடுங்க என்றேன். நல்ல வார்த்தை சொல்லிவிட்ட திருப்தியோடு அவர் கையைப் பிடித்தேன்.

அத்தை அழுதார். மாமா போனபோதுகூட நிமிர்ந்து நின்றவர், பூக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் அடங்கினதும் சொன்னார்.

“நானா இருந்திருக்கணும்னுதாம்மா ஆறு மாசமா வேண்டிக்கிட்டேன். தப்பு என்கிட்டயே இருக்கட்டும், நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் என்னைத் திட்டினாலும் பரவாயில்லன்னு. நான்னா நான் வெலகிக்கிட்டா சரியாப் போயிடும் இல்ல. நான் இல்லன்னா, இன்னும் எத வெலக்கறது?”

குழந்தை கொடு என்றுதான் ஊரில் எல்லாரும் சாமியிடம் கேட்பார்கள். குற்றத்தை எனக்குக் கொடு என்று பட்டினி கிடந்த ஒருத்தரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. புள்ளியைப் பார்த்து நிம்மதிப்படுவார் என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம். அழாதீங்க, நிஜமாவே உங்க மேல தப்பு இல்ல என்று இன்னொரு தடவை வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கையையும் பிடுங்குவது என்று நல்லவேளை சரியான நேரத்தில் புரிந்தது. இவர் எதிர்ப்பக்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். நான் பையை வாங்கிக்கொண்டு, அத்தையின் கையை விடாமல் ரோட்டைக் கடந்தேன்.